வரைபடத்தில் நீலமாக இருந்த மலை

பிஷ்கெக் விமான நிலையத்தில் எங்கள் பைகளைப் பிரித்த சுங்க அதிகாரியின் கைக்கு முதலில் வந்தது பனிக்கோடாரி. தொட்டுப் பார்த்துவிட்டுப் பேசாமல் வைத்துவிட்டார். அடுத்து கயிறு, அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. என் நாத்தனார் கொடுத்தனுப்பிய நார்த்தங்காய் ஊறுகாய் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தபோதுதான் அவர் முகம் மாறியது. பக்கத்திலிருந்தவரைக் கூப்பிட்டார். இரண்டு பேரும் மூடியைத் திறந்து மோந்தார்கள். என் தம்பி பிரபு ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு மென்று காட்டினான். அதிகாரி தானும் ஒரு துண்டு எடுத்தார். அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஏதோ சொல்லிச் சிரித்தபடி பாட்டிலை மூடி, தானே துணியில் சுற்றி பைக்குள் வைத்தார்.

"இதுக்கே அழுவுறாரு. உங்க அக்கா இத வெயில்ல இன்னும் ஒரு வாரம் வெச்சிருந்தா இன்னா ஆயிருக்கும் மாமா?" என்றான் பிரபு என் கணவரிடம்.

நாங்கள் போனது 2011 ஆகஸ்ட் மாதம். என் கணவர் ஜெயசீலனுடைய அக்கா மகள் நான்சி அங்கே டாக்டருக்குப் படித்துக்கொண்டிருந்தாள். முந்தின வருஷம் அந்த நாட்டில் கலவரம் நடந்தபோது அவள் விடுதிக் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளேயே கிடந்தாள். அப்போதிருந்து அவள் அம்மாவுக்கு, நான் அண்ணி என்று கூப்பிடுகிற என் நாத்தனாருக்கு, நிம்மதியில்லை. "யாராச்சும் ஒரு நட போய் புள்ளைய கண்ணால பாத்துட்டு வாங்க" என்று எல்லாரிடமும் கேட்டுக்கொண்டிருந்தார். கிர்கிஸ்தான் என்றதுமே நாங்கள் மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அண்ணிக்கு மகள் ஞாபகம் வந்தது. எங்களுக்கு அவள் விடுதிக்குப் பின்னால் நிற்கிற மலைகள் ஞாபகம் வந்தன.

கடலூர்க்காரர்களுக்கு எதற்கு மலை என்று கேட்காதவர்கள் இல்லை. எங்கள் ஊரில் உயரமென்று சொல்ல கோயில் கோபுரமும் ரயில் மேம்பாலமும்தான். நான் கல்லூரியில் என்சிசியில் இருந்தபோது உத்தரகாசிக்கு மலையேற்றப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்த பிறகும் எனக்கு அந்தக் குளிர் விடவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு அவரையும் இழுத்துக்கொண்டு போனேன், பிறகு தம்பியும் ஒட்டிக்கொண்டான். நான் கடலூரில் பெண்கள் கல்லூரியில் புவியியல் நடத்துகிறவள். அவருக்குச் சிதம்பரத்தில் இன்சூரன்ஸ் ஆபீஸ். பிரபு காட்டுமன்னார்கோயிலில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறான். லீவும் காசும் ஒத்து வரும்போது இமயமலைப் பக்கம் போய் எதையாவது ஏறிவிட்டு வருவோம். நடுவில் வருகிற மாதங்களில் செஞ்சிக் கோட்டைப் பாறைகள், தேவனாம்பட்டினம் கடற்கரை மணலில் மூட்டையோடு நடை.

ஏறுவதில் எங்களுக்குள் பிரபுதான் முதல். வழி போடுவது என் வேலை. எந்த முகட்டில் தொடங்குவது, வெயில் எப்போது எந்தப் பக்கம் விழும், கல் எங்கே சரியும், பாதியில் திரும்பவேண்டி வந்தால் எப்படி இறங்குவது என்றெல்லாம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து யோசிப்பது ஏறுவதைவிட எனக்குப் பிடிக்கும். நான்சியின் விடுதிக்குப் பின்னால் நிற்கிற மலைகளில் ஒரு சிகரத்துக்கு இரண்டு வருஷமாக வழி போட்டிருந்தேன். சோவியத் காலத்து ராணுவ வரைபடம் ஒன்று இன்டர்நெட்டில் கிடைத்தது. அதில் எங்கள் சிகரத்தின் வடக்கு முகம் முழுக்க நீலக் கோடுகள், அதாவது பனிக்கட்டி. நல்ல கெட்டியான பனிச்சரிவு, நேராக மேலே போகிற வழி. செயற்கைக்கோள் படங்களைச் சிதம்பரம் கீழ வீதியில் ஒரு கடையில் பிரிண்ட் எடுக்கக் கொடுத்தார் என் கணவர். கடைக்காரர் ஒவ்வொரு தாளாகப் பார்த்துவிட்டு, "நிலத் தகராறா சார்? வக்கீல் யாரு?" என்று விசாரித்திருக்கிறார்.

நான்சி விமான நிலையத்துக்கே வந்திருந்தாள். ஒல்லியாகிப் போயிருப்பாள் என்று அண்ணி பயந்ததற்கு மாறாக கன்னம் உப்பிப்போய் இருந்தாள். டாக்சிக்காரனிடம் ரஷ்ய மொழியில் பேரம் பேசினாள். கடலூரில் ஷேர் ஆட்டோவில் ஏறவே கூச்சப்பட்ட பெண் அவள். கதவை அடித்துச் சாத்திவிட்டு நடக்கத் தொடங்கினாள், டாக்சிக்காரன் ஓடிவந்து கூப்பிட்டான்.

"இன்னா பேசுன?" என்றார் என் கணவர்.

"ஒண்ணும் இல்ல மாமா. எங்க அப்பா போலீஸ்னு சொன்னேன்."

அவள் அப்பா வங்கியில் காசாளர்.

முதல் நாள் முழுக்கச் சாப்பாடுதான். லக்மான் என்று ஒன்று, கையால் இழுத்த நூடுல்ஸைக் கறிக்குழம்பில் மிதக்கவிட்டுக் கிண்ணம் நிறையத் தந்தார்கள். மந்தி என்பது ஆவியில் வெந்த கறிக் கொழுக்கட்டை. தெருமுனையில் பெரிய பீப்பாயிலிருந்து ஒரு பெண் கப்பில் பிடித்துக் கொடுத்ததைக் குடித்துவிட்டு பிரபு அப்படியே நின்றான். "அக்கா, கூழு!" என்றான். மக்சிம் என்று பெயர், தானியத்தைப் புளிக்கவைத்துக் காய்ச்சுவது. கொஞ்சம் உப்பும் பச்சை மிளகாயும் இருந்தால் ஆடி மாசம்தான். அவன் மூன்று கப் குடித்தான். அந்தப் பெண் நான்சியிடம் ஏதோ கேட்டாள்.

"இவுங்க ஊர்ல மாடு இல்லியா, பால் இல்லியா, ஏன் இப்படிக் குடிக்கிறாங்கன்னு கேக்குறாங்க அத்தை."

மறுநாள் அலா அர்ச்சா பள்ளத்தாக்குக்குக் கிளம்பினோம். மலைக்குடிசை வரைக்கும் நான்சியும் வருகிறேன் என்றாள். மார்ஷ்ருத்கா என்கிற வேனில் ஏறினோம். நம் ஊர் மினி பஸ் போலத்தான், ஆனால் நின்றுகொண்டு வருகிறவர்கள் தலையைக் குனிந்தபடியே நிற்கவேண்டும். எங்கள் மூட்டைகள் மூன்று பேர் இடத்தை அடைத்துக்கொண்டன. யாரும் முகம் சுளிக்கவில்லை. ஒரு கிழவர் என் மூட்டையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். நகரம் முடிந்து வயல் தொடங்கிய இடத்தில் வண்டி புகைவிட்டு நின்றது. ஓட்டுநர் இறங்கி, முன்பக்கம் திறந்து பார்த்து, தலையை ஆட்டிவிட்டு சிகரெட் பற்றவைத்தார். பிரபு அவர் பக்கத்தில் போய் எட்டிப் பார்த்தான்.

"பெல்ட் அறுந்துடுச்சி. இங்க ஒண்ணும் வேலைக்கு ஆவாது."

பள்ளத்தாக்கின் வாசல் இன்னும் வெகு தூரம். வெயிலில் மூட்டைகள்மேல் உட்கார்ந்திருந்தோம். அப்போது ஹாரன் அடித்துக்கொண்டு ஒரு கல்யாண ஊர்வலம் வந்தது. அங்கே மணமக்கள் மலையடிவாரத்தில் போட்டோ எடுத்துக்கொள்ளப் போவது வழக்கமாம். நான்சி நடுரோட்டில் நின்று கை நீட்டினாள். மூன்றாவது கார் நின்றது. அதில் மணப்பெண்ணின் சித்தப்பாக்கள் இரண்டு பேர் இருந்தார்கள். எங்கள் நான்கு பேரையும் மூட்டைகளையும் எப்படியோ திணித்துக்கொண்டார்கள். இந்தியா என்றதும் இந்திப் படப் பாட்டு ஒன்று பாடச் சொன்னார்கள். எங்களில் யாருக்கும் இந்திப் பாட்டு முழுசாகத் தெரியாது. பிரபு கண்ணை மூடிக்கொண்டு, கிறிஸ்துமஸ் பவனியில் வீடு வீடாகப் போய்ப் பாடுகிற பாட்டை எடுத்துவிட்டான். சித்தப்பாக்கள் தாளம் போட்டார்கள். இறங்கும்போது மணப்பெண் வெள்ளைக் கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்க்க வந்தாள். பனிக்கோடாரியைக் கையில் வாங்கி, அதோடு ஒரு போட்டோ எடுத்துக்கொண்டாள். மாப்பிள்ளை கொஞ்சம் பயந்த மாதிரிதான் இருந்தான்.

குடிசை கல்லால் கட்டியது, பனியாறு முடிகிற இடத்துக்குப் பக்கத்தில். போய்ச் சேரவே நாக்கு தள்ளிவிட்டது. கடல் மட்டத்தில் பிறந்து வளர்ந்த நுரையீரலுக்கு அந்தக் காற்று போதாது. இரண்டு நாள் ஒன்றும் செய்யாமல் டீ குடித்துக்கொண்டும் சுற்றி நடந்துகொண்டும் உடம்பைப் பழக்கினோம். பிறகு நான் முதன்முதலாக எங்கள் சிகரத்தைப் பார்க்க பனியாற்றின் மேல்வளைவு வரைக்கும் போனேன். மற்றவர்கள் பின்னால் வந்துகொண்டிருந்தார்கள்.

வளைவில் திரும்பியதும் நின்றுவிட்டேன். வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். மறுபடி மலையைப் பார்த்தேன். வேறு மலையைப் பார்க்கிறோமோ என்று திசைமானியை வைத்துச் சரிபார்த்தேன். அதே மலைதான். வரைபடத்தில் நீலமாக இருந்த முகம் நேரில் பழுப்பாக இருந்தது. வரைபடம் போட்ட பிறகு வந்த கோடைகளில் பனி உருகி ஒழிந்திருக்கிறது. மேலே ஓரமாக ஒரு அழுக்கு வெள்ளைப் பட்டை மட்டும் மிச்சம், அதற்குக் கீழே சிதைந்த பாறை. என் செயற்கைக்கோள் படம் பனிக்காலத்தின் முடிவில் எடுத்ததாக இருக்கவேண்டும், புதுப்பனி எல்லாவற்றையும் மூடி அழகாகக் காட்டியிருந்தது. வகுப்பில் வருஷாவருஷம் பனியாறுகள் சுருங்குவதைப் பற்றிப் பாடம் நடத்துகிறவள் நான். என் வழிக்குக் குறுக்கே அது வருமென்று எனக்குத் தோன்றவே இல்லை.

பிரபு வந்து பார்த்தான்.

"விடியறதுக்கு முன்னாடியே போனா கல்லு ஒறஞ்சி கெட்டியா நிக்கும்க்கா. வெயில் வர்றதுக்குள்ள மேல போயிடலாம்."

"போயிடலாம். எறங்குறது?"

"அது அப்பறம் பாத்துக்கலாம்."

"அப்பறம் பாத்துக்கலாம்னு நான் வழி போட மாட்டேன்."

"ரெண்டு வருஷமா இதுக்குத்தான்க்கா மூட்ட தூக்கினு மணல்ல நடந்தேன். சும்மா பாத்துட்டுப் போவவா?"

நானும் கோபமாக ஏதோ சொன்னேன். என் கணவர் இரண்டு பேருக்கும் நடுவில் வந்து உட்கார்ந்தார். "மச்சான், இன்னிக்கு எங்கயும் போவப் போறது இல்ல. உக்காந்து பாப்போம். மல எங்கயும் ஓடாது" என்றார். நான்சி கொண்டுவந்திருந்த ரொட்டியையும் தர்பூசணியையும் பிரித்தோம். சாப்பிட்டு முடிப்பதற்குள் வெயில் முகட்டைத் தாண்டி அந்த முகத்தில் விழுந்தது. முதலில் சின்னச் சத்தம், கூழாங்கல் உருளுவது போல. பிறகு ஒரு பாறைத்துண்டு பெயர்ந்து, குதித்துக் குதித்து, பின்னால் ஒரு கூட்டத்தையே இழுத்துக்கொண்டு இறங்கியது. நான் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்த இடம் வழியாகத்தான் அத்தனையும் போயிற்று. புழுதி அடங்க நேரமாயிற்று. பிரபு கையிலிருந்த தர்பூசணித் துண்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து குடிசைப் பக்கம் நடந்தான்.

குடிசையில் லூதா என்று ஒரு ரஷ்யப் பெண்மணி தங்கியிருந்தார். ஐம்பதைத் தாண்டியவர், தாட்டியான உடம்பு, வெட்டிவிட்ட நரைமுடி. பிஷ்கெக்கில் மின்கம்பியில் ஓடுகிற டிராலிபஸ் ஓட்டுகிறார். ஒவ்வொரு கோடையிலும் லீவு போட்டுவிட்டு மலைக்கு வந்துவிடுவாராம். அந்த முறை கூட ஏறவேண்டிய தோழிக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. தனியாக உட்கார்ந்து பழ ஜாமைக் கரண்டியில் எடுத்து நக்கி டீ குடித்துக்கொண்டிருந்தார். என் வரைபடத்தைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

அவர் சொன்னதை நான்சி தமிழில் சொன்னாள். "இந்த மேப்புல இருக்குற பனிய நான் சின்னப் பொண்ணா இருந்தப்ப ஏறியிருக்கேன். இப்ப அது எல்லாம் கீழ குழாயில தண்ணியா வருது."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அவர் என் தோளைத் தட்டிவிட்டுத் தன் பையிலிருந்து ஒரு பழைய போட்டோவை எடுத்தார். அதே மலை, கிழக்குப் பக்கத்திலிருந்து. அங்கே ஒரு பாறை முகடு, அடிவாரத்துக்கு மேலே தோள் மாதிரி புடைத்த மேட்டிலிருந்து உச்சி வரைக்கும் வளைந்து வளைந்து போகிறது. லூதாவும் தோழியும் ஏறத் திட்டமிட்டிருந்தது அதைத்தான். முகட்டில் நடக்கிறவர் தலையில் கல் விழாது, கல் எல்லாம் இரண்டு பக்கமும் சரிந்துபோகும். ஆனால் நீளம், கயிறு நிறையப் பிடிக்கும். மேல் பாதி எப்படி இருக்கும் என்று அவருக்கும் தெரியவில்லை.

சிதம்பரத்தில் எடுத்த பிரிண்டுகளை மேஜையில் பரப்பினேன். கிழக்கு முகட்டை நான் அதுவரை கவனித்ததே இல்லை. மாலை வெயிலில் எடுத்த படம் ஒன்றில் முகட்டின் நிழல் பனிமேல் நீளமாக விழுந்திருந்தது. அந்த நிழலை விரலால் தடவிக்கொண்டே போனபோது உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு இடத்தில் நிழல் அறுந்து மறுபடி தொடங்கியது. அங்கே முகடு வெட்டுப்பட்டு ஒரு பள்ளம் இருக்கவேண்டும். கீழேயிருந்து பார்த்தால் தெரியாது, முன்னால் இருக்கிற பாறை மறைத்துவிடும். லூதா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான்சி வாய் திறப்பதற்கு முன்பே அவர் சொன்னது எனக்குப் புரிந்தது. ஒரு கயிறு அதிகமாக எடுத்துக்கொள்ளவேண்டும். பள்ளத்தில் இறங்கிவிட்டு, திரும்பி வந்து ஏறுவதற்கு அதை அங்கேயே தொங்கவிட்டுப் போகவேண்டும்.

சாயங்காலம் வரை இரண்டு பேரும் அந்த மேஜையை விட்டு எழவில்லை. நான் கோடு போட, அவர் அழிக்க, அவர் போட, நான் அழிக்க. நான்சி மொழிபெயர்த்துக் களைத்துப்போய், "அத்தை, பிசிக்ஸ் எக்ஸாமே பரவால்ல" என்று போய்ப் படுத்துவிட்டாள். அதற்குப் பிறகும் எங்களுக்கு ஒன்றும் தடைபடவில்லை. ஒரு கட்டத்தில் எனக்குப் பின்னால் யாரோ நிற்பது தெரிந்தது. பிரபு.

"அந்தப் பள்ளம் எவ்ளோ ஆழம் இருக்கும்க்கா?" என்றான்.

நான்கு பேராகப் போவது என்று முடிவானது. பிரபுவும் என் கணவரும் ஒரு கயிறு, லூதாவும் நானும் ஒரு கயிறு. நான்சி குடிசையில் காத்திருப்பாள். அன்று இரவுச் சாப்பாட்டுக்குக் கடலூரிலிருந்து சுமந்து வந்த ரவையில் உப்புமா கிண்டினேன். அண்ணியின் ஊறுகாயை நான்சி அனுமதியோடு திறந்து கொஞ்சம் எடுத்துக்கொண்டோம். லூதா உப்புமாவின்மேல் ஜாமைப் போட்டுச் சாப்பிட்டார். பிரபுவால் அதைப் பார்க்க முடியவில்லை, திரும்பி உட்கார்ந்துகொண்டான்.

அடுத்த நாள் முகடு தொடங்குகிற தோள் வரைக்கும் ஏறி, கூடாரம் போட்டுத் தங்கினோம். அங்கேதான் என் கணவருக்கு உடம்பு கெட்டது. சாயங்காலம் தலைவலி என்றார், சூப்பு வேண்டாம் என்றார். விடியும் முன் எழுந்து கிளம்ப வேண்டிய நேரத்தில் வாந்தி எடுத்தார். பூட்ஸ் கயிற்றைக் கட்டப் பார்த்தார், விரல்கள் முடிச்சுக்குள் போகாமல் சுற்றிச் சுற்றி வந்தன. உயரம் ஒத்துக்கொள்ளாதவருக்கு ஒரே மருந்து இறங்குவது, அதுவும் உடனே. நான் தூங்கும் பையைச் சுருட்டத் தொடங்கினேன்.

"இன்னாத்துக்கு நீ சுருட்டுற?" என்றான் பிரபு.

"இவர கீழ கூட்டிட்டுப் போவணும். நீயும் லூதாவும் போங்க. வழி எல்லாம் அவுங்களுக்குத் தெரியும்."

"நீ போக்கா. நான் மாமாவ பாத்துக்குறேன்."

"டேய், விளையாடாத."

"யாரு விளையாட்றது? வழியில மாமா உக்காந்துட்டா உன்னால தூக்க முடியுமா? மாமா எடை தெரியுமா உனக்கு? நான் கடையில பத்து எச்பி மோட்டாரு தூக்குறவன்."

அவன் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. என் கணவரின் பையிலிருந்து சாமான்களை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கு அந்த மலைமேல் எவ்வளவு ஆசை என்று எனக்குத் தெரியும். தினமும் கடையடைத்துவிட்டு வீராணம் ஏரிக் கரையில் ஓடுகிறவன். பெண் பார்க்கப் போன இடத்தில்கூட இந்த மலையைப் பற்றிப் பேசி அம்மாவிடம் திட்டு வாங்கினவன்.

நான் என் கணவரிடம் போய் உட்கார்ந்தேன். "நான் கூட வரேன். இந்த மல வேணாம்" என்றேன்.

அவர் கண்ணைத் திறக்காமலே பேசினார். "நீ வந்தா தலவலி ஜாஸ்திதான் ஆவும். வழி பூரா மூஞ்ச தூக்கி வெச்சினு வருவ. மச்சான் இருக்காரு. நீ போய்ட்டு வா, எஸ்தர்."

லூதா தள்ளி நின்று கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். எங்கள் பேச்சு ஒரு வார்த்தை புரியாவிட்டாலும் என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அவசரப்படுத்தவில்லை. கடைசியில் நான் எழுந்து போய்க் கயிற்றின் முனையை வாங்கிக்கொண்டேன்.

வெளிச்சம் வந்தபோது முகட்டில் முதல் ஏற்றத்தை முடித்திருந்தோம். திரும்பிப் பார்த்தேன். கீழே பனிச்சரிவில் இரண்டு உருவங்கள் மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தன. பிரபுவின் முதுகில் ஒரு மூட்டை, மார்பில் ஒரு மூட்டை. சின்னக் கயிறு ஒன்றால் என் கணவரைத் தன்னோடு கட்டியிருந்தான். ஒரு தடவைகூட அவன் மேலே பார்க்கவில்லை.

லூதாவுக்கும் எனக்கும் பொதுவாக இரண்டே வார்த்தைகள்தான் இருந்தன. 'ஸ்தோய்' என்றால் நில், 'தவாய்' என்றால் வா. அது போதுமாக இருந்தது. பாறை நாங்கள் நினைத்ததைவிட நல்ல பாறை, பிடிக்கிற இடத்தில் பிடி கிடைத்தது. மேஜையில் வழி போட்டபோது அவர் பயந்த ஒரு செங்குத்துப் படியை நான் சிரமமில்லாமல் தாண்டிவிட்டேன். சுலபம் என்று நான் சொன்ன பலகைப் பாறை மேல் மெல்லிய ஐஸ் படிந்திருந்தது, அதை அங்குலம் அங்குலமாகத் தாண்டினேன். சாப்பிட நின்றபோது லூதா உப்புப் போட்ட காய்ந்த தயிர் உருண்டை ஒன்று கொடுத்தார். கல் மாதிரி இருந்தது. வாயில் போட்டு ஊறவைத்துக்கொண்டே ஏறினேன்.

மறைக்கும் பாறையைச் சுற்றிப் போனபோது பள்ளம் இருந்தது. எங்கே சொன்னேனோ அங்கேயே இருந்தது. ஆனால் நான் நினைத்ததைவிட ஆழம். எங்கள் தேரடித் தெருவில் மாடி வீடு ஒன்றை அப்படியே உள்ளே இறக்கி வைக்கலாம். இரண்டு பக்கமும் சரிவு, நடுவில் ஒரு கட்டில் அகலத்துக்குப் பனி. லூதா எட்டிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். இறங்கிவிட்டால் திரும்பி வர அந்தக் கயிறு ஒன்றுதான் நம்பிக்கை. மேற்கே மேகம் திரள்கிறதா என்று பார்த்தேன். வானம் சுத்தமாக இருந்தது. கயிறு கட்டிய பாறையை இரண்டு பேரும் மாற்றி மாற்றி உதைத்துப் பார்த்தோம். பிறகு நான் முதலில் இறங்கினேன். காலுக்குக் கீழே ஒன்றும் இல்லாமல் சுற்றிக்கொண்டே இறங்கிய அந்தக் கொஞ்ச நேரத்தில் எனக்குப் பயமாக இருந்தது, நிஜமாகவே பயமாக இருந்தது. பூட்ஸ் பனியில் பட்டதும் கயிற்றை விடாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மேலேயிருந்து லூதா கூப்பிட்டார். "தவாய்!" என்று கத்தினேன். என் குரல் இரண்டு பக்கமும் போய்விட்டுத் திரும்பி வந்தது.

லூதாவும் இறங்கி வந்தார். எதிர்ப்பக்கம் அவ்வளவு செங்குத்தில்லை, அங்கிருந்து உச்சி வெறும் நடைதான். இரண்டு பேர் நிற்க இடமிருந்தது. வடக்கே மலை முடிந்து தட்டையான நிலம் கண்ணுக்கெட்டிய தூரம் வரை போயிற்று, வயல் வயலாக, எங்கள் ஊர்ப்பக்கம் மாதிரியே. லூதா என்னைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். பிறகு தெற்கே திரும்பி நின்றுகொண்டு, ஒவ்வொரு சிகரமாகக் கைநீட்டிப் பெயர் சொன்னார். நான் திருப்பிச் சொன்னேன். தப்பாகச் சொன்னால் மறுபடி சொல்லவைத்தார்.

தொங்கவிட்ட கயிற்றைப் பிடித்துப் பள்ளத்திலிருந்து ஏறி, வந்த வழியே குடிசைக்கு இறங்கி வந்தபோது அந்தி சாய்ந்துகொண்டிருந்தது. என் கணவர் வாசலில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்து நான்சி கொடுத்த ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தார். பாதி வழி இறங்குவதற்குள்ளேயே தலைவலி விட்டுவிட்டதாம். என்னைப் பார்த்ததும் பக்கத்தில் இடம் ஒதுக்கினார். நான் அவர் தோளில் சாய்ந்துகொண்டேன். பிரபு டீயோடு வந்தான். கப்பை என் கையில் கொடுத்துவிட்டு எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"மொதல்லருந்து சொல்லு. ஒண்ணையும் வுடாத."

சொன்னேன். மறுநாள் நடந்து இறங்கும்போதும் கேட்டான். மார்ஷ்ருத்காவில் கேட்டான். பலகைப் பாறையில் எந்தக் காலை முதலில் வைத்தாய், கயிறு கட்டிய பாறை என்ன நிறம், பள்ளத்தில் இறங்கும்போது எந்தப் பக்கமாகச் சுற்றினாய். நான்சியை விட்டுப் பிரிகிற இடத்தில் எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தபோதும் அவன் என் முழங்கையைத் தொட்டு, "அந்தக் கட்டில் அகலப் பனி, அது சாய்ஞ்சி இருந்திச்சா, சமமாவா?" என்றான். விமானத்தில் ஒரு காகிதத்தில் முகட்டை வரைந்து காட்டச் சொன்னான். நான் வரைந்து முடிப்பதற்குள் தூங்கிப்போனேன், மிச்சத்தை அவனே சரியாக வரைந்திருந்தான்.

அடுத்த வருஷம் அவனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, கடையும் பெரிசாயிற்று. மறுபடி அங்கே போகிற பேச்சு எடுக்க முடியவில்லை.

அந்த வருஷக் கடைசியில் காட்டுமன்னார்கோயிலில் எங்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணம். பந்தி முடிந்து கை கழுவிவிட்டு வந்தேன். மண்டபத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டுக்கொண்டு ஏழெட்டுப் பேர். நடுவில் பிரபு. அவன் புது மனைவி ரேவதியும் அவள் பிறந்த வீட்டு ஆட்களும் வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"...அந்தப் பாறைய சுத்திப் போனா, கீழ பள்ளம். தேரடித் தெரு மாடி வூடு ஒண்ண அப்படியே உள்ள வெக்கலாம். கயிறு கட்டுன பாறைய ரெண்டு பேரும் மாத்தி மாத்தி ஒதச்சிப் பாத்தோம். அப்பறம் எறங்குனா, காலுக்குக் கீழ ஒண்ணும் இல்ல, உடம்பு இப்படி இடது பக்கமா சுத்துது..."

நாற்காலியிலிருந்து எழுந்து கையை உயர்த்தி அவனே சுற்றிக் காட்டினான். திரும்பும்போது என்னைப் பார்த்துவிட்டான். கை அப்படியே நின்றது. ரேவதி என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"வாங்க அண்ணி, உக்காருங்க. நீங்களும் அப்ப கூட இருந்தீங்களாமே. அவ்ளோ ஆழத்துல யாரு மொதல்ல எறங்குனது?"

பிரபு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். காது சிவந்திருந்தது.

நான் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். "எனக்கு மேலயே கைகால் ஒதறிடுச்சிம்மா" என்றேன். "இவன்தான் மொதல்ல எறங்குனான்."